கல் நட முடியாத எல்லை

தமிழ்நாட்டையும் ஆந்திரத்தையும் பிரிக்கும் எல்லைக்கோடு மேற்கே மலைகளில் புறப்பட்டு, காடும் மாந்தோப்பும் நெல்வயலும் தாண்டி, கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஆரம்பாக்கத்துப் பக்கம் வந்து பழவேற்காடு ஏரியில் இறங்குகிறது. அதுவரைக்கும் எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும் ஒரு சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போய்ப் புதரை விலக்கி, இதுதான் கல் என்று காட்டிவிடலாம். ஏரியில் இறங்கிய பிறகு காட்டுவதற்கு ஒன்றுமில்லை. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர், அகலம் சில இடங்களில் 17 கிலோமீட்டர் என்று விரிந்து கிடக்கிற உப்பங்கழி அது. இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மீன் பிடிக்கிறார்கள். ஆனால் அடியில் இருப்பது சேறு. நட்ட கல் நிற்காது.

அப்படியானால் அந்தக் கோடு எங்கே இருக்கிறது? வலை போடுகிற ஒருவர் தான் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வார்? அரசியல் கேள்வி மாதிரித் தெரிந்தாலும் இது முதலில் வடிவியல் கேள்வி.

நிலத்தில் எல்லை எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பட்டா நிலம் வைத்திருக்கிற எல்லோருக்கும் 'சென்ட்' தெரியும். ஒரு சென்ட் ஏன் 435.6 சதுர அடி என்ற விசித்திரக் கணக்கில் இருக்கிறது என்று பலர் யோசித்திருக்க மாட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 66 அடி நீளத்தில், 100 கண்ணிகள் கொண்ட ஓர் அளவுச் சங்கிலியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் இருந்தால் சரியாக ஒரு ஏக்கர். அந்த ஏக்கரின் நூற்றில் ஒரு பங்குதான் சென்ட். கண்ணிக் கணக்கில் சொன்னால் 1000 சதுரக் கண்ணி. பெருக்கவும் வகுக்கவும் சிரமப்படுகிற கிராமத்து ஊழியரும் கணக்குப் போடும்படி அமைந்த கருவி அது. அமெரிக்கக் காடுகளைத் துண்டுபோட்டு விற்றவர்களும், பொன்னேரி வட்டத்து நெல்வயல்களை அளந்து புலப்படம் வரைந்தவர்களும் அந்தச் சங்கிலியின் கணக்கில்தான் வேலை செய்தார்கள். மூன்று கிராமங்கள் சந்திக்கிற இடத்தில் முச்சந்திக் கல், புலத்தின் மூலைகளில் சர்வே கல், கல்லுக்குக் கல் அளவு எழுதிய படம். கல் காணாமல் போனாலும் மற்ற கற்களிலிருந்து அளந்து அதே இடத்தில் திரும்ப நட்டுவிட முடியும். நில எல்லையின் பலமே இதுதான்.

தண்ணீருக்கு அருகில் வரும்போது இந்தப் பலம் எப்படிக் கரைகிறது என்பதை அமெரிக்காவில் 1728-இலேயே பார்த்துவிட்டார்கள். வர்ஜீனியா, வட கரோலினா என்ற இரண்டு குடியேற்றங்களுக்கும் நடுவே எல்லை போட இரு தரப்பும் அலுவலர்களை அனுப்பின. வர்ஜீனியா தரப்பில் வந்த வில்லியம் பேர்ட் அந்தப் பயணத்தை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அரச பட்டயத்தின்படி கோடு கரிட்டக் என்ற கடல் முகத்துவாரத்தின் வடகரையில் தொடங்கி நேர் மேற்கே போக வேண்டும். மார்ச் மாதத்தில் எல்லோரும் அங்கே போய்ச் சேர்ந்த உடனே சண்டை வந்துவிட்டது. முகத்துவாரத்தின் கரை என்பது எது? அலை தொடுகிற மணல்திட்டின் நுனியா, இல்லை அதற்குக் கிட்டத்தட்ட 200 கெஜம் தள்ளியிருந்த மேட்டு நிலமா? மணல் இன்றைக்கு இருக்கிற இடத்தில் நாளைக்கு இருக்காது. ஒருவழியாகப் பேசி முடித்து ஒரு மரக்கம்பத்தை நட்டுப் புறப்பட்டார்கள். அடுத்து வந்தது 'டிஸ்மல்' என்ற பெருஞ்சதுப்பு. நில அளவையாளர்களும் சங்கிலிக்காரர்களும் மட்டும் உள்ளே இறங்கினார்கள். அலுவலர்கள் சுற்றுவழியில் போய் மறுபக்கத்தில் காத்திருந்தார்கள். 15 மைல் அகலச் சதுப்பைக் கடக்க ஒன்பது பத்து நாட்கள் ஆயின. கையிருப்பு உணவு தீர்ந்து, பட்டினியோடுதான் வெளியே வந்தார்கள். அந்தக் கோடு ஏறத்தாழ 240 மைல் போய் மலையடிவாரத்தைத் தொட்டது. தொடக்கப் புள்ளியாக வைத்த முகத்துவாரமோ பின்னாளில் மணலால் மூடிக்கொண்டது. கோடு இன்றும் இருக்கிறது. அது எதிலிருந்து பிறந்ததோ அது இல்லை.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதைக் கேட்டால் ஆச்சரியம் வராது. அவர்கள் ஊர் முகத்துவாரமும் அப்படித்தான். மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளம் அதைத் திறந்துவிடும். கோடையில் கடல் அலை மணலைக் கொண்டுவந்து குவிக்கக் குவிக்க வாய் குறுகும், நகரும், சில ஆண்டுகளில் அடைத்தே போகும்.

சங்கிலி போட முடியாத இடத்தில் அளப்பது எப்படி என்பதற்கான பெரிய விடை, இந்த ஏரிக்குத் தெற்கே சென்னையில்தான் இந்தியாவில் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. 1794-இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற நில அளவையாளர், பரங்கிமலைப் பக்கத்தில் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதை அவர் அளந்த விதம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம். அவரிடம் இருந்தது நூறடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளமுள்ள 40 எஃகுத் துண்டுகளைக் கோத்தது. தரையில் போட்டால் மேடு பள்ளத்தில் வளையும், வெயிலில் நீளும். அதனால் இருபது இருபது அடி நீளமுள்ள ஐந்து மரத்தொட்டிகளை முக்காலிகள் மீது மட்டமாக ஏற்றி, அவற்றுக்குள் சங்கிலியை நீட்டிப் படுக்கவைத்து, தொட்டிகளில் வெப்பமானிகளையும் வைத்தார். சித்திரை வெயிலில் எஃகு எவ்வளவு நீண்டிருக்கும் என்பதை ஒவ்வொரு தடவையும் கணக்கிட்டு அளவைத் திருத்தினார். பிறகு எல்லாவற்றையும் தூக்கி அடுத்த நூறடிக்கு நகர்த்தினார்கள். ஏழரை மைல் தூரம், அதாவது சுமார் நானூறு தடவை, இதே வேலை.

ஒரே ஒரு கோட்டுக்கு ஏன் இத்தனை பாடு? ஒரு பக்கம் துல்லியமாகத் தெரிந்துவிட்டால் போதும் என்பதால்தான். அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றைத் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி வழியாகப் பார்த்துக் கோணத்தைக் குறித்துக்கொண்டால், முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் கைக்கு வந்துவிடும். மீதி இரண்டு பக்கங்களும் காகிதத்தில் வரும். புதிதாகக் கிடைத்த பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. நடுவில் ஆறோ காடோ சதுப்போ எது கிடந்தாலும் கால் நனையாமல் அளக்கலாம். ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்று தெரிந்தால் சரி. இப்படியே முக்கோணத்தோடு முக்கோணம் கோத்துக் குமரிமுனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை போனார்கள். லாம்டன் அதைப் பார்க்கவில்லை; 1823-இல் வேலைக்கு நடுவே ஹிங்கன்காட் என்ற ஊரில் காலமானார்.

குன்று இல்லாத இடத்தில்? சோழமண்டலக் கரையில் லாம்டனுக்கு வந்த தலைவலி அதுதான். அவர் கோபுரங்கள் மேல் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே இழுத்தபோது கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதி வளைந்துபோனது. அதை வாரக்கணக்கில் உட்கார்ந்து சீர்செய்தார்கள். பழவேற்காட்டு ஏரியில் கோபுரமும் கிடையாது. படகில் நிற்கிற ஒருவரின் கண் தண்ணீரிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், பூமியின் வளைவு காரணமாக அவருக்குத் தெரிகிற நீர்ப்பரப்பு நாலரை கிலோமீட்டரோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் மரங்களின் தலைதான் தெரியும், அடி தெரியாது. நண்பகலில் சூடான காற்று ஒளியை வளைத்து எதிர்க்கரையை அந்தரத்தில் தூக்கிக் காட்டும். நில அளவைக்கு இதைவிடப் பொல்லாத தரை இல்லை.

இப்படிப்பட்ட தண்ணீரின் மேல்தான் 1953-இல் ஒரு மாநில எல்லை வந்தது. அதற்கு முன்பு ஏரி முழுவதும் ஒரே சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. நெல்லூர் மாவட்டம், செங்கற்பட்டு மாவட்டம் என்ற பிரிவு மட்டும்தான். தனி ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பர் 15 அன்று உயிர் நீத்ததைத் தொடர்ந்து, 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. மாவட்டக் கோடு ஒரே இரவில் மாநிலக் கோடாயிற்று. திருத்தணி யாருக்கு என்ற போராட்டம் அதன்பின் ஆண்டுக்கணக்கில் நடந்தது. பட்டாஸ்கர் என்பவரை நடுவராக வைத்தார்கள். அவர் ஏற்றுக்கொண்ட அளவுகோல் எளிமையானது: கிராமம்தான் அலகு, அங்கே பெரும்பான்மையோர் என்ன மொழி பேசுகிறார்கள், அந்தக் கிராமம் எந்த மாநிலத்தோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்துப் பிரிப்பது. அவருடைய பரிந்துரையை ஒட்டி நாடாளுமன்றம் 1959-இல் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது, சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது.

நிலத்துக்கு அது நியாயமான அளவுகோல் என்றே நினைக்கிறேன். ஆனால் தண்ணீரில் கிராமம் இல்லை. கரையில் குடியிருப்பவர் எந்த மொழி பேசினாலும் அவர் பிழைப்பு ஏரிக்குள் பல மைல் தள்ளி இருக்கலாம். ஏரியில் வாழ்கிற உயிர்களுக்கோ இந்த அலகு கொஞ்சமும் பொருந்தாது. இறாலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, உப்புக் குறைந்த ஆழமில்லாத தண்ணீரில் சில மாதங்கள் வளரும். பருவம் வந்ததும் அமாவாசை, பௌர்ணமி ஏற்றவற்றத்தின் இழுப்போடு மறுபடி கடலுக்குப் புறப்படும். தமிழ்நாட்டுப் பக்கமுள்ள முகத்துவாரத்தின் வழியே நுழைந்து, ஆந்திரப் பக்கமுள்ள ஆழமற்ற நீரில் வளர்ந்து, வந்த வழியே திரும்புகிற இறால் எந்த மாநிலத்தின் சொத்து? ஆந்திரம் தன் பகுதியை 1976-இலும் தமிழ்நாடு தன் பகுதியை 1980-இலும் பறவைகளுக்கான சரணாலயமாக அறிவித்தன. பூநாரைகள் இரண்டு அறிவிப்புகளையும் கடந்து இரை தேடுகின்றன.

கோடு போட்டுப் பிரிக்க முடியாத தண்ணீரை மீனவர்கள் வேறு விதமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் பாடு. முகத்துவாரத்துக்கு அருகே, வற்றத்தின்போது இறால் வெளியேறும் வழிகளில் இருக்கிற நல்ல இடங்களைப் பாடுகளாக வகுத்திருக்கிறார்கள். சேற்றில் கம்புகளை வரிசையாக ஊன்றி, நீரோட்டத்துக்கு எதிரே வளைத்துச் சுத்து வலை கட்டுவார்கள். தண்ணீர் வடிய வடிய இறால் வலைக்குள் சேரும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய, பட்டினவர் என்ற மீனவச் சாதியாரின் ஊர்கள் இந்தப் பாடுகளை முறைவைத்து நடத்தி வந்திருக்கின்றன. இன்றைக்கு இந்தத் தலைக்கட்டு, நாளைக்கு அந்தத் தலைக்கட்டு. எந்த இடம் யாருக்கு என்பது சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்காது; வறண்ட இடமும் ஒருவர் தலையிலேயே விழாது. எவ்வளவு வலை போடலாம் என்பதற்கும் அதிலேயே ஒரு வரம்பு வந்துவிடுகிறது.

நில அளவையாளர் இடத்தைப் பங்கு போட்டார். மீனவர் நேரத்தைப் பங்கு போட்டார். மணல் நகர்ந்து இடம் மாறினாலும் முறை மாறாது. முகத்துவாரம் நூறடி வடக்கே போனால் பாடும் கூடவே போகும். கரிட்டக்கில் கம்பம் நட்டவர்கள் தேடியும் கிடைக்காத விடை இது.

இடத்தை அறிவதிலும் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். கலங்கரை விளக்கத்தையும் அதற்குப் பின்னாலுள்ள ஒரு பனையையும் ஒரே நேரில் சேர்த்துப் பார்த்தால், படகு ஒரு நேர்கோட்டின் மேல் இருக்கிறது என்று பொருள். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும் இடத்துக்குப் படகை நகர்த்தினால் இரண்டாவது கோடு கிடைத்துவிடும். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளி ஒன்றே ஒன்றுதான். உலகத்தின் பல கரைகளில் மீனவர்கள் இப்படித்தான் கடலுக்கு நடுவே முந்தைய நாள் வலை போட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கிறார்கள். லாம்டன் முக்கோணத்தில் செய்ததும் இதே வடிவியல்தான். கோணத்தை எண்ணாக அளந்து எழுதிக்கொண்டது மட்டும் அவர் கூடுதலாகச் செய்தது.

பாடு முறையைப் புகழ்கிற பலர் அதன் இன்னொரு முகத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அது பிறப்பை வைத்து வருகிற உரிமை. பட்டினவர் அல்லாதவர்களுக்கு, ஏரிக்கரையில் தலைமுறைகளாக வாழும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு, அதில் இடம் கிடையாது. சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கடித்த பறியில் போட்டுக்கொள்கிற இருளர் பெண்களுக்கும் இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் அமைந்தபோது தீவை விட்டு வெளியேறி இந்தப் பக்கம் குடியேறிய குடும்பங்களும் முறைக்கு வெளியேதான் நின்றன. ஏரி சுருங்க, ஆள் பெருக, உள்ளூருக்குள்ளேயே சண்டைகள் வந்தன. அதற்கு மேல் மாநில எல்லைச் சண்டை: ஆந்திரத்து மீனவர்களும் தமிழக மீனவர்களும் எங்கள் பகுதி, உங்கள் பகுதி என்று மோதிக்கொள்வதும், படகைப் பிடித்து வைப்பதும், அதிகாரிகள் வந்து சமாதானம் பேசுவதும் மறுபடி மறுபடி நடக்கின்றன.

இப்போதுதான் கைப்பேசியிலேயே ஜிபிஎஸ் வந்துவிட்டதே, பொத்தானை அழுத்தினால் எந்த மாநிலம் என்று தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். இங்கேதான் வரலாறு ஒரு முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறது. பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டையானது. அதை ஒரு கணித உருவமாக வைத்துக்கொண்டால்தான் அட்சரேகை, தீர்க்கரேகை போட முடியும். லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் கணித்த உருவத்தின் மேல்தான் இந்தியாவின் பழைய நில அளவை வரைபடங்கள் வரையப்பட்டன. ஜிபிஎஸ் பயன்படுத்துவது வேறோர் உருவம். அதன் மையமும் வேறு. ஒரே எண்களை இரண்டு முறைகளிலும் வைத்துப் பார்த்தால் நம் பகுதியில் இடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். பழைய படத்திலிருந்து எண்ணை எடுத்து மாற்றாமல் கைப்பேசியில் போடுகிறவர், தன் பக்கம் நிற்பதாக நம்பிக்கொண்டே அடுத்தவர் வலையடியில் நிற்பார். தண்ணீரில் நூறு மீட்டர் என்பது ஒரு வலை கட்டும் இடம். ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம். எண்ணை மாற்றுவதற்கான கணக்கு நில அளவைத் துறையினருக்கு நன்றாகவே தெரியும். அது படகுக்காரர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். தண்ணீரில் எல்லைக்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, பார்வைக் கோடுகளால் ஒரு புள்ளியை நிச்சயிப்பது. இன்னொன்று, அந்தப் புள்ளியில் யார் எப்போது நிற்கலாம் என்று பேசி முடிப்பது. அரசுகள் முதல் பாகத்தைச் செய்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கின்றன. மீனவர்கள் இரண்டாவது பாகம் இல்லாமல் முதலாவது செல்லாது என்று அறிந்தவர்கள். ஆனால் அவர்களுடைய ஒப்பந்தம் ஊரெல்லையோடும் சாதியெல்லையோடும் நின்றுவிடுகிறது. முகத்துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்கத் தமிழக அரசு தடுப்புச் சுவர் கட்டும் திட்டத்தைக் கையில் எடுத்தது. நல்லது. ஆனால் வாய் திறந்தால் பயன் ஏரி முழுவதற்கும், அடைத்தால் நட்டமும் ஏரி முழுவதற்கும்தான். அதை ஒரு மாநிலம் தனியாகத் தீர்மானிக்கிற காரியமாக வைத்திருப்பது சரியில்லை.

இப்போது ஏரியின் தமிழகப் பக்கமுள்ள பொன்னேரி திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரப் பக்கமுள்ள சூளூர்பேட்டை திருப்பதி மாவட்டத்திலும் இருக்கின்றன. இந்த இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் தங்கள் நில அளவை அலுவலர்களை ஒரே படகில் ஏற்றி, இரு கரை மீனவர்களையும், பாடு இல்லாதவர்களையும் இருளர்களையும் உடன் வைத்துக்கொண்டு, கோட்டை ஒரு தடவை சேர்ந்து அளக்க வேண்டும். மிதவைகள் போட்டுக் காட்ட வேண்டும். ஜிபிஎஸ் எண்களைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சடித்து ஒவ்வொரு குப்பத்திலும் ஒட்ட வேண்டும். அந்தக் கோட்டின் இருபுறமும் யார் எந்தப் பருவத்தில் என்ன வலை போடலாம் என்பதை முறைவைத்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். மழைக்காலம் முடிந்து முகத்துவாரம் திறந்திருக்கிற மாதங்களில் இதைச் செய்வது எளிது. அடுத்த மோதலுக்குப் பிறகு கூடிப் பேசுவதைவிட, அதற்கு முன்பே கூடுவது நல்லது.